சமக்குறியின் இரு பக்கங்கள்: வாக்கியக் கணக்குகளுக்கு ஓர் எளிய விளக்கம்

பாலக்கோடு தக்காளிச் சந்தைக்கு ஒரு விவசாயி 40 பெட்டி தக்காளி அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்ற தொகையில் 10 விழுக்காட்டை மண்டிக்காரர் கமிஷனாக எடுத்துக்கொள்கிறார். பெட்டி ஒன்றுக்கு 20 ரூபாய் வீதம் வண்டி வாடகையும் கழிகிறது. எல்லாம் போக விவசாயியின் கைக்கு வந்த தொகை 10,000 ரூபாய். அப்படியானால் ஒரு பெட்டி என்ன விலைக்குப் போயிற்று?

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பலரும் பின்னாலிருந்து தொடங்குவார்கள். 10,000 ரூபாயோடு வாடகை 800 ரூபாயைக் கூட்டினால் 10,800. அதில் பத்து விழுக்காடான 1,080 ரூபாயையும் சேர்த்தால் 11,880. அதை நாற்பதால் வகுத்தால் பெட்டிக்கு 297 ரூபாய். கூட்டலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆயினும் விடை தவறு. சரியான விலை 300 ரூபாய். அந்த மூன்று ரூபாய் எங்கே தொலைந்தது என்று சொல்வதற்கு முன், சமன்பாடு என்ற கருத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. (இங்கே வரும் விலைகளும் வாடகைகளும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உண்மையில் அவை மண்டிக்கு மண்டி, நாளுக்கு நாள் மாறுபவை.)

சமன்பாட்டைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சு இரண்டு வகைப்படும். அது எட்டாம் வகுப்போடு முடிந்துபோன சங்கதி, எக்ஸைக் கண்டுபிடித்து யார் வயிறு நிறைந்தது என்பது ஒரு வகை. கணக்கில் கெட்டிக்காரர்களுக்கு மட்டுமே கைவரும் வித்தை அது என்பது மற்றொரு வகை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் எண்ணம். சமன்பாட்டைத் தீர்க்கும் விதிகளைப் பள்ளியில் நிறையப் பழகுகிறோம். ஒரு வாக்கியத்துக்குள்ளிருந்து சமன்பாடு எப்படிப் பிறக்கிறது என்பதை அந்த அளவுக்குப் பழகுவதில்லை. தீர்ப்பது சில வரி வேலை. அமைப்பதில்தான் சிந்தனை முழுவதும் இருக்கிறது.

எண்களைக் கண்டதும் கணக்குப் போடும் பழக்கம்

1980-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில், தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் விசித்திரமான ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? ஆடுகளின் எண்ணிக்கைக்கும் தலைவரின் வயதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் கேட்கப்பட்ட 97 குழந்தைகளில் 76 பேர், கொடுத்த எண்களைக் கூட்டியோ வேறு வகையில் சேர்த்தோ ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் அறிவற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கணக்கு என்றால் கொடுத்த எண்களை எடுத்து ஏதாவது செய்து விடை சொல்ல வேண்டும், கேள்வியில் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலையில்லை என்று வகுப்பறை அவர்களைப் பழக்கியிருந்தது.

பெரியவர்களிடமும் இந்தப் பழக்கம் வேறு உருவில் தங்கியிருக்கிறது. 'கூடுதல்' என்ற சொல் வந்தால் கூட்டு, 'குறைவு' என்று வந்தால் கழி, 'மடங்கு' என்று வந்தால் பெருக்கு என்று சொற்களைக் குறியாக வைத்துக் கணக்குப் போடுவதே அது. தேர்வுக்குத் தயார் செய்பவர்களுக்கு இதை ஓர் உத்தியாகவே சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அந்த உத்தி எங்கே கவிழ்க்கும் என்பதைக் கிருஷ்ணகிரி மாம்பழக் கடையொன்றில் வைத்துப் பார்க்கலாம். செந்தூரா கிலோ 60 ரூபாய். அது பெங்களூராவின் விலையைவிட 25 ரூபாய் கூடுதல். பெங்களூரா என்ன விலை? 'கூடுதல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டுபவருக்கு 85 ரூபாய் கிடைக்கும். வாக்கியம் சொல்வதோ, பெங்களூராவின் விலையோடு 25-ஐக் கூட்டினால் 60 வரும் என்பது. ஆகவே விலை 35 ரூபாய். கூட்டல் வாக்கியத்தில் இருக்கத்தான் செய்கிறது. அது எந்த எண்ணோடு சேர்கிறது என்பதைத்தான் சொல்லை மட்டும் பார்ப்பவர் தவறவிடுகிறார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், வாக்கியக் கணக்கில் முதலில் தேட வேண்டியவை எண்களோ குறிச்சொற்களோ அல்ல. எந்த அளவும் எந்த அளவும் ஒன்றுக்கொன்று சமம் என்று வாக்கியம் சொல்கிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

சமன்பாடு என்பது என்ன

இப்போது பெரும்பாலான கடைகளில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஆனால் சமன்பாட்டைப் புரிந்துகொள்ள உதவுவது இரண்டு தட்டுகள் தொங்கும் பழைய தராசுதான். மின்னணுத் தராசு எடையை எண்ணாகச் சொல்லிவிடுகிறது. பழைய தராசோ இரண்டு பக்கமும் சமமா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். நமக்கு வேண்டியதும் அதுவே.

அத்தகைய தராசின் இடத்தட்டில் ஒரே எடையுள்ள மூன்று வெல்லக் கட்டிகளும் ஒரு 200 கிராம் படிக்கல்லும் இருக்கின்றன. வலத்தட்டில் 2 கிலோ படிக்கல் இருக்கிறது. முள் நடுவில் நிற்கிறது. ஒரு கட்டியின் எடை நமக்குத் தெரியாது. தெரியாத அந்த எண்ணுக்கு 'த' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பள்ளியில் இதற்கு எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தை எழுதுவது வழக்கம். எந்த எழுத்தானாலும் கணக்குக்கு ஒன்றுதான். (க, உ, அ போன்ற எழுத்துகள் பழைய தமிழ் எண்களைப் போலவே இருப்பதால், குழப்பம் வேண்டாம் என்று அவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.) இப்படித் தெரியாத எண்ணைக் குறிக்கும் எழுத்துக்கு மாறி என்று பெயர். எடையைக் கிராமில் வைத்துக்கொண்டால், தராசு சொல்லும் செய்தி இதுதான்:

3த + 200 = 2000

இதுவே சமன்பாடு. ஓர் அளவை இரண்டு விதமாகச் சொல்லி, இரண்டும் ஒன்றே என்று நடுவில் சமக்குறி இட்டு எழுதிய வாக்கியம் அது. மாறியின் முன்னால் நிற்கும் 3 என்ற எண், எத்தனை 'த' இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. அதற்குக் கெழு என்று பெயர். 'த' எந்த எண்ணாக இருந்தால் இந்த வாக்கியம் உண்மையாகுமோ, அந்த எண் சமன்பாட்டின் தீர்வு.

சமக்குறியைப் பலர் 'விடை இதோ' என்ற அறிவிப்பாகவே படித்துப் பழகியிருக்கிறார்கள். கணிப்பானில் அந்தப் பொத்தானை அழுத்தினால் விடை வருவதும் இந்த எண்ணத்தை வலுவாக்குகிறது. ஆனால் அந்தக் குறி முதன்முதலில் அச்சேறியபோதே அதன் பொருள் வேறாகத்தான் இருந்தது. 1557-இல் வேல்சு நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்டு என்பவர், ஒவ்வொரு முறையும் 'இதற்குச் சமம்' என்று எழுதிச் சலித்து, இரண்டு இணைகோடுகளை அதற்குப் பதிலாக வைத்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் வேறு இருக்க முடியாது என்பது அவர் தந்த காரணம். ஆகவே அந்தக் குறி, இடப்பக்கம் இருப்பதும் வலப்பக்கம் இருப்பதும் ஒரே அளவு என்று சொல்கிறதே தவிர, எதையும் கணக்கிடச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். சமன்பாட்டுக்குக் குறிகளே தேவையில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிசுமி, வாரிசுப் பங்கீடு, வணிகம், நில அளவை ஆகியவற்றில் எழும் கணக்குகளைத் தீர்க்கும் முறைகளை முழுக்க முழுக்கச் சொற்களாலேயே எழுதினார். ஒரு குறியைக்கூட அவர் பயன்படுத்தவில்லை. அந்த வகையில், இன்று நாம் வாக்கியத்தைக் குறிகளாக மாற்றுவது சுருக்கெழுத்து எழுதுவதைப் போன்ற ஒரு வசதி மட்டுமே. வாக்கியம் புரியாதவருக்குச் சுருக்கெழுத்து உதவாது.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்பதன் உட்பொருள்

தராசுக்குத் திரும்புவோம். இடத்தட்டிலிருந்து 200 கிராம் படிக்கல்லை எடுத்துவிட்டால் முள் சாய்ந்துவிடும். அது சாயாமல் இருக்க வேண்டுமானால் வலப்பக்கத்திலிருந்தும் 200 கிராமைக் குறைக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு குறைந்ததால் சமநிலை அப்படியே நிற்கிறது:

3த = 1800

இப்போது மூன்று கட்டிகள் சேர்ந்து 1,800 கிராம். இரு பக்கத்தையும் மூன்று சம பங்காக்கினால் ஒரு பங்கு 600 கிராம். த = 600.

பள்ளியில் இதையே 'கூட்டல் 200 அந்தப் பக்கம் போனால் கழித்தல் 200 ஆகும், பெருக்கல் 3 போனால் வகுத்தல் ஆகும்' என்று ஒரு மந்திரம்போல் சொல்லிக்கொடுக்கிறார்கள். மந்திரம் சரியான விடையைத் தருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போகவில்லை. இடப்பக்கம் கழித்த 200 அங்கே மறைந்துவிடுகிறது. அதே 200-ஐ வலப்பக்கம் கழித்தது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. பார்ப்பவருக்கு அது இடம் மாறியதுபோல் தோன்றுகிறது. உள்ளே நடப்பது ஒன்றே: இரு பக்கமும் ஒரே செயலைச் செய்தால் சமம் கெடாது. இந்த ஒரு விதி மனத்தில் நின்றுவிட்டால், குறி மாறுமா மாறாதா என்ற பதற்றத்துக்கு இடமே இல்லை. மந்திரத்தை மட்டும் நம்புபவர்கள் 3த = 1800 என்ற இடத்தில் மூன்றையும் 'குறி மாற்றி' 1,797 என்று எழுதிவிடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

எழுத்து நிற்பது எண்ணுக்கு, பொருளுக்கு அன்று

வாக்கியத்தைச் சமன்பாடாக்கும்போது பலரையும் தடுமாறச் செய்யும் இடம் இது. ஒரு கல்லூரியில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுதுக என்ற கேள்வி, 1980-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் பொறியியல் படிப்பில் சேர்ந்த மாணவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள் என்பது கணிதக் கல்வித் துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி.

மாணவர்களின் எண்ணிக்கையை 'ம' என்றும் பேராசிரியர்களின் எண்ணிக்கையை 'பே' என்றும் வைத்துக்கொண்டால், தவறாக எழுதியவர்களில் பெரும்பாலோர் எழுதியது இது:

6ம = பே

படிக்கும்போது 'ஆறு மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர்' என்று ஓசை நயத்தோடு அமைகிறது. ஆனால் எண்களைப் போட்டுப் பார்த்தால் வண்டி கவிழ்ந்துவிடும். 600 மாணவர்கள் இருந்தால், இந்தச் சமன்பாட்டின்படி 3,600 பேராசிரியர்கள் இருக்க வேண்டும்! சரியான வடிவம் ம = 6பே. பேராசிரியர் எண்ணிக்கை சிறியது. அதை ஆறால் பெருக்கினால்தான் பெரிய எண்ணிக்கைக்குச் சமமாகும்.

பிழையின் ஊற்று எழுத்திலேயே இருக்கிறது. 'ம' என்ற எழுத்தை 'மாணவர்' என்ற பொருளின் சுருக்கமாகப் படித்துவிட்டால், 6ம என்பது 'ஆறு மாணவர்கள்' என்று காதில் விழுகிறது. 'ம' குறிப்பதோ மாணவர்களின் எண்ணிக்கை என்ற ஓர் எண்ணை. இதனால்தான் பொருளின் முதல் எழுத்தை மாறியாக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதைவிட முக்கியமான பழக்கம், கணக்கைத் தொடங்கும் முன்பே 'த என்பது ஒரு பெட்டியின் விலை, ரூபாயில்' என்று முழு வாக்கியமாக எழுதிக்கொள்வது. என்ன அளவு, எந்த அலகில் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். 'த என்பது தக்காளி' என்று மொட்டையாக எழுதினால், அது விலையா, எடையா, பெட்டிகளின் எண்ணிக்கையா என்று நடுவழியில் நமக்கே மறந்துவிடும்.

சுருக்கமாக: மாறி ஓர் எண்ணின் பெயர்; அது எந்த எண் என்பதை அலகோடு எழுதிவைக்க வேண்டும்; எழுதிய சமன்பாட்டில் தெரிந்த எண்களைப் போட்டு ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

தக்காளிக் கணக்கில் தொலைந்த மூன்று ரூபாய்

'த என்பது ஒரு பெட்டியின் விலை, ரூபாயில்' என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம். நாற்பது பெட்டி விற்ற தொகை 40த. கமிஷன் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4த. வண்டி வாடகை 40 × 20 = 800. கையில் வந்தது 10,000. விற்ற தொகையிலிருந்து இரண்டு கழிவுகளையும் நீக்கினால் வருவதும் கையில் வந்த தொகையும் ஒன்றே:

40த − 4த − 800 = 10,000

நாற்பது 'த'வில் நான்கு 'த' போனால் 36த. இரு பக்கமும் 800-ஐக் கூட்டினால் 36த = 10,800. இரு பக்கத்தையும் 36-ஆல் வகுத்தால் த = 300.

சரிபார்ப்போம். 40 பெட்டி, பெட்டி 300 ரூபாய் என்றால் விற்பனை 12,000. கமிஷன் 1,200, வாடகை 800. இரண்டும் போக 10,000. சரியாக இருக்கிறது. 297 ரூபாய்க்கும் இதே சோதனையைச் செய்தால், விற்பனை 11,880, கமிஷன் 1,188, வாடகை 800, மீதி 9,892. கையில் வந்த தொகையோடு பொருந்தவில்லை.

பின்னாலிருந்து கணக்கிட்டவர் செய்த பிழை இப்போது தெளிவாகிறது. அவர் பத்து விழுக்காட்டை 10,800 ரூபாயிலிருந்து எடுத்தார். மண்டிக்காரரோ விற்ற மொத்தத் தொகையிலிருந்து எடுத்தார். அந்த மொத்தத் தொகை எவ்வளவு என்பதுதான் நமக்குத் தெரியாத செய்தி. கழிக்கும்போது பத்து விழுக்காடு என்பது பெரிய தொகையின் பத்து விழுக்காடு. திரும்பக் கூட்டும்போது சிறிய தொகையின் பத்து விழுக்காட்டைச் சேர்த்தால் முழுத்தொகை திரும்பாது. தள்ளுபடி, வரி, வட்டி, கூலியில் பிடித்தம் என்று விழுக்காடு தலைகாட்டும் இடங்களிலெல்லாம் இதே பள்ளம் காத்திருக்கிறது.

சமன்பாடு எப்போது உண்மையிலேயே தேவை என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. பெங்களூரா விலைக் கணக்கில் தெரியாத எண் ஒரே இடத்தில் வந்தது. அதற்கு மனக்கணக்குப் போதும், எழுதுவது வீண் வேலை. தக்காளிக் கணக்கில் தெரியாத விலை இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது: விற்ற தொகையில் ஒருமுறை, கமிஷனில் மற்றொரு முறை. தெரியாத எண் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரும்போது பின்னாலிருந்து நடப்பது சறுக்கத் தொடங்குகிறது. மனக்கணக்கில் தேர்ந்த சந்தை வணிகர்கள், பத்தில் ஒன்பது பங்குதான் 10,800 என்பதை உடனே கண்டு அதை ஒன்பதால் வகுத்துப் பத்தால் பெருக்கிவிடுவார்கள். அவர்கள் மனத்துக்குள் செய்வதும் சமன்பாடுதான்; காகிதத்தில் எழுதவில்லை, அவ்வளவே.

இரண்டு தெரியாத எண்கள் இருந்தால்

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் வாரச் சந்தையில் ஆடும் கோழியும் விற்பனைக்கு வரும். ஒரு வியாபாரியிடம் ஆடுகளும் கோழிகளுமாகச் சேர்த்து 40 தலைகள், 110 கால்கள் இருக்கின்றன என்றால் ஆடு எத்தனை, கோழி எத்தனை? தலையையும் காலையும் எண்ணத் தெரிந்தவருக்கு ஆட்டையும் கோழியையும் தனித்தனியாக எண்ணத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆயினும் இரண்டு விலையில் விற்ற நுழைவுச் சீட்டுகள், இரண்டு கூலி வீதத்தில் வந்த ஆட்கள் என்று இதே வடிவில் உண்மையான கணக்குகள் பல வருவதால் இதைப் பார்த்துவைப்பது பயன்படும்.

இங்கே தெரியாத எண்கள் இரண்டு. ஆனால் இரண்டு பெயர் தேவையில்லை. ஆடுகளின் எண்ணிக்கை த என்றால், கோழிகளின் எண்ணிக்கை 40-இல் மீதி, அதாவது 40 − த. ஆட்டுக்கு நான்கு கால், கோழிக்கு இரண்டு:

4த + 2(40 − த) = 110

அடைப்பைப் பிரித்தால் 4த + 80 − 2த = 110; அதாவது 2த = 30; த = 15. ஆடு 15, கோழி 25. கால்கள் 60-உம் 50-உம் சேர்ந்து 110.

கால்கள் 110 என்பதற்குப் பதிலாக 109 என்று யாராவது சொல்லியிருந்தால் பதினான்கரை ஆடுகள் என்று விடை வரும். அப்போது பிழை சமன்பாட்டில் இல்லை. கால்களை எண்ணியவர் தவறிவிட்டார் என்பதைச் சமன்பாடு காட்டிக்கொடுக்கிறது.

இரு பக்கமும் தெரியாத எண், எதிர்பாராத விடை

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் நோக்கி ஒரு பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அரை மணி நேரம் கழித்து ஒரு கார் அதே சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கார் எங்கே பேருந்தைப் பிடிக்கும்? இதில் எது எதற்குச் சமம் என்று தேடுவதே பாதி வேலை. கார் பேருந்தைப் பிடிக்கும் கணத்தில் இரண்டும் கிருஷ்ணகிரியிலிருந்து கடந்த தூரம் ஒன்றே. பேருந்து ஓடிய நேரம் த மணி என்றால், கார் ஓடியது அதைவிட அரை மணி குறைவு:

40த = 60(த − ½)

இது 40த = 60த − 30 ஆகிறது. இரு பக்கமும் 30-ஐக் கூட்டி, 40த-வைக் கழித்தால் 30 = 20த. ஆகவே த = 1½. பேருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில், 60 கிலோமீட்டர் தொலைவில், அதாவது தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயை எட்டும் முன்பு கார் அதைப் பிடித்துவிடும்.

சில சமயம் விடை கழித்தல் குறியோடு வந்து பயமுறுத்தும். தந்தைக்கு வயது 40, மகனுக்கு 16. இன்னும் எத்தனை ஆண்டில் தந்தையின் வயது மகன் வயதைப் போல மூன்று மடங்காகும்? 40 + த = 3(16 + த) என்று எழுதித் தீர்த்தால் த = −4 வரும். பலர் எங்கோ பிழை என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். அதற்கான நிலை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்து போய்விட்டது என்பதுதான் அந்தக் குறியின் பொருள். அன்று தந்தைக்கு 36, மகனுக்கு 12.

சமன்பாடு சரி, அனுமானம் தவறு

தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டம் இத்தனை அடி என்று நாளிதழில் செய்தி வந்ததும், அணை எப்போது நிரம்பும் என்று ஊரில் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். நீர்மட்டம் இன்று 46 அடி, நாளொன்றுக்கு முக்கால் அடி ஏறுகிறது என்றால், த நாள்களில்

46 + ¾த = 52

ஆகவே ¾த = 6, த = 8. எட்டு நாளில் நிரம்பும் என்று கணக்கு சொல்கிறது.

தீர்த்த விதத்தில் பிழையே இல்லை. ஆனால் இந்தச் சமன்பாடு, ஒவ்வொரு நாளும் அதே முக்கால் அடி ஏறும் என்ற ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. மாறி ஒவ்வொன்றாகக் கூடும்போது அதைச் சார்ந்த அளவு ஒரே வீதத்தில் கூடவோ குறையவோ செய்யும் இத்தகைய சமன்பாட்டுக்கு நேரியல் சமன்பாடு என்று பெயர். இந்தக் கட்டுரையில் வந்த எல்லாச் சமன்பாடுகளும் அந்த வகையே. பெட்டியின் விலைக்கும் ஆட்டின் காலுக்கும் அது சரியாகப் பொருந்துகிறது. நாற்பதாவது ஆட்டுக்கும் நான்கு கால்தான். அணை அப்படிப்பட்டதன்று. நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகன்று விரிகிறது. அடிப்பகுதியில் ஓர் அடி உயர்த்திய நீர், மேற்பகுதியில் பரந்து நின்று அதைவிடக் குறைவாகவே உயர்த்தும். ஆகவே வரத்தும் திறப்பும் அப்படியே இருந்தால்கூட எட்டு நாளுக்குமேல் ஆகும். பாதுகாப்புக் கருதி அணை முழுவதும் நிரம்பும் முன்பே மதகுகளைத் திறப்பதும் உண்டு என்பதால், 52 அடி வராமலேயே போகலாம்.

தனியே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து சரக்கு ஏற்றிச் செல்ல இரண்டு வண்டிகள் கிடைக்கின்றன. முதல் வண்டிக்கு அடிப்படை வாடகை 1,500 ரூபாய், கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இரண்டாம் வண்டிக்கு அடிப்படை வாடகை 900 ரூபாய், கிலோமீட்டருக்கு 20 ரூபாய். எத்தனை கிலோமீட்டரில் இரண்டுக்கும் ஒரே வாடகை ஆகும்?

இரண்டு வாடகையும் சமம் என்று எழுதித் தீர்த்தால் 75 கிலோமீட்டர் என்று வர வேண்டும். அதற்குக் குறைந்த தூரத்துக்கு இரண்டாம் வண்டி மலிவு, கூடிய தூரத்துக்கு முதல் வண்டி மலிவு. அப்படிப் பார்த்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் தருமபுரிக்கு இரண்டாம் வண்டியையும், நூறு கிலோமீட்டரைத் தாண்டும் சேலத்துக்கு முதல் வண்டியையும் பிடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் வண்டிக்காரர் போகவர இரண்டு தூரத்துக்கும் சேர்த்து வாடகை கேட்பவராக இருந்தால், த என்பது போகும் தூரத்தைக் குறிக்காது. மொத்தம் ஓடிய தூரத்தைக் குறிக்கும். தருமபுரிக்குப் போய்வருவதே 75 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவதால், அப்போது அதற்கும் முதல் வண்டிதான் மலிவு.